நெகட்டிவ் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி, போர் தண்ணீர்தான் காரணமா?

சத்துவாச்சாரி 35எம்எம்
மூன்று மாதமாகக் கருப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவுகிறேன். எச்பி5 ஃபிலிம், டி-76 டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) சரிபாதித் தண்ணீர் கலந்து, 20 டிகிரி, அதுவரை எல்லாம் சரியாகத்தான் வருகிறது. காய்ந்த பிறகுதான் வினை. போன வாரம் கோட்டை அகழிப் பக்கம் எடுத்த ரோலை ஸ்கேன் செய்தால் வானம் முழுக்க வெள்ளைப் புள்ளி, அங்கங்கே நீளமாக வழிந்த தடம் வேறு. கடைசியில் குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம் அலசி, இரண்டு விரலால் வழித்துவிட்டு, பால்கனிக் கொடியில் மாட்டுகிறேன். எங்களுக்கு போர் தண்ணீர்தான், சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் சுண்ணாம்பு மாதிரி படியும். தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிய கடைசி அலசலில் கலக்கிற ஃபோட்டோ ஃப்ளோ வாங்கி ஒரு மூடி ஊற்றிப் பார்த்தேன், இன்னும் மோசமானது. ஷாம்பு ஒரு சொட்டு விட்டால் போதும் என்கிறான் நண்பன். விடலாமா?

பழைய லேப் ஆள்
ஷாம்பு வேண்டாம் தம்பி. அதில் வாசனை, முடி மினுமினுக்கப் போடுகிற பிசுக்கு எல்லாம் இருக்கும், அது ஃபிலிமில் தங்கிவிடும்.

முதலில் நெகட்டிவை டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்து, புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது என்றால் நெகட்டிவின் மேல் ஏதோ உட்கார்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது என்று அர்த்தம், உங்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் உப்புதான். இதுவே படத்தில் வட்டமாகக் கருப்பாக வந்திருந்தால் கதை வேறு, டெவலப்பர் ஊற்றியபோது காற்றுக் குமிழி ஒட்டி அந்த இடம் கழுவப்படாமல் போயிருக்கும். அதற்கு ஃபிலிம் கழுவுகிற டேங்கை மேசையில் நாலு தட்டுத் தட்டினால் போதும்.

பளபளப்பான பக்கம் புள்ளி இருந்தால் பயமில்லை, வாயால் ஊதி ஈரமாக்கி, கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். மங்கலான பக்கம், அதாவது படம் பதிந்திருக்கிற எமல்ஷன் பூச்சுப் பக்கம் என்றால் தேய்க்கவே கூடாது. டிஸ்டில்ட் வாட்டரில் அரை மணி ஊறவிட்டு மறுபடி காயவையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கடையில் விற்கிற வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி அதே தண்ணீர் கலந்து இரண்டு நிமிடம் போட்டு அலசுங்கள், சுண்ணாம்பு புளிப்புக்குக் கரையும். வேண்டாத துண்டு ஒன்றில் முதலில் செய்து பாருங்கள். அப்புறம் அந்த இரண்டு விரல் வேலையை இன்றோடு விடுங்கள், ஒரு மணல் துகள் விரலில் இருந்தால் 36 படத்திலும் கோடு விழும்.

காட்பாடி ஜங்ஷன்
நம்ம ஊர் ஆறே தண்ணியில்லாத ஆறு, பூமிக்கடியில் இருப்பது உப்பு. ஆனால் போர் தண்ணீரில் அலசுவதில் தப்பே இல்லை நண்பா, டிஸ்டில்ட் வாட்டர் கடைசி முக்குக்கு மட்டும் இருந்தால் போதும். ஃபிலிமின் மேல் எந்தத் தண்ணீர் காய்கிறதோ அதன் உப்புதான் தங்கும். ஆர்.ஓ. தண்ணீரை நான் நம்புவதில்லை, ருசிக்காகப் பல மெஷின்களில் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலக்கிவிடுகிறார்கள். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரை வாங்குங்கள். ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் பார்த்து வாங்குங்கள்!

ஃபோட்டோ ஃப்ளோ ஒரு மூடி என்பது மிக அதிகம். 1:200 என்றால் 500 மில்லிக்கு இரண்டரை மில்லிதான், மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்சு வாங்கி அளந்து ஊற்றுங்கள். கூடினால் பிசுபிசுவென்று தடம் விழும், உங்களுக்கு விழுந்ததும் அதுவாகத்தான் இருக்கும். டேங்குக்குள் ஃபிலிமைச் சுற்றிவைக்கிற ரீலிலிருந்து அதைக் கழற்றிவிட்டுத் தனிக் கிண்ணத்தில் நுரை எழாமல் முக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை பிளாஸ்டிக் ரீலில் ஃபிலிம் ஏறாமல் உயிரை வாங்கும்.

சத்துவாச்சாரி 35எம்எம்
பழைய ரோலில் முக்கால்வாசிப் புள்ளி பளபளப்புப் பக்கம்தான், ஊதித் துடைத்ததில் போய்விட்டது. தண்ணீர் வாங்கப் போனால் கடைக்காரர் என்ன வண்டி என்றார், ஃபிலிமுக்கு என்று சொன்னதும் ஒரு மாதிரி பார்த்தார். நேற்று கழுவிய ரோலில் உப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. ஆனால் தூசி அப்படியே ஒட்டியிருக்கிறது.

பழைய லேப் ஆள்
பால்கனியில் மாட்டினால் தெருப் புழுதி வராமல் என்ன செய்யும்? குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி அடங்கியதும் உள்ளே மாட்டிக் கதவைச் சாத்துங்கள், ஆவியோடு தூசியும் கீழே இறங்கிவிடும். அடியில் இரண்டு துணி கிளிப், ஃபேன் கூடாது, மூன்று மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. வீட்டில் ஒரே குளியலறை என்றால் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு கழுவுங்கள். இந்த வெயிலில் அதுதான் நல்லதும்கூட, மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், 20 டிகிரியில் கழுவிய ஃபிலிமை அதில் போட்டால் எமல்ஷன் இளகிச் சுருங்கிவிடலாம்.