எச்.ஐ.வி. உள்ளவருக்கு மறதி, கால் மரப்பு: மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டலாமா?

குடியாத்தம்_ஆலோசகர்:
எல்லாருக்கும் வணக்கம். ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து) எடுக்கும் ஒருவருக்காகக் கேட்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரத்தை மாற்றியிருக்கிறேன். வயது 50ஐ ஒட்டி. மருந்து தொடங்கும்போது சி.டி.4 (எச்.ஐ.வி. அழிக்கும் எதிர்ப்புச் சக்தி வெள்ளணுவின் எண்ணிக்கை) 90தான். இப்போது 520, வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) கண்டறிய முடியாத அளவு. மூன்று எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த டி.எல்.டி. மாத்திரை போடுகிறார். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின், நாளைக்கு 2000 மில்லிகிராம். சில மாதமாகக் கடைக் கணக்கில் தடுமாறுகிறார், சொன்னதையே திரும்பக் கேட்கிறார், பாதம் மரத்துப்போகிறது. அவர் அம்மாவுக்கு அல்சைமர் இருந்தது. "வைரஸும் அம்மா வழி ஜீனும் சேர்ந்துதான் மூளையைத் தின்கிறது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அல்சைமர் அபாயத்தோடு தொடர்புள்ள ஏ.பி.ஓ.இ. என்ற ஜீனைப் பார்க்கும் மரபணுச் சோதனைக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டப் பார்க்கிறார். இந்தியாவில் பரவும் வைரஸ் மூளையைத் தொடாது என்றும் இன்னொருவர் சொல்கிறார். எது சரி?

பாலாறு_நரம்பியல்:
பணத்தைக் கட்ட வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். ஏ.பி.ஓ.இ. எப்சிலான் 4 வகை அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் என்பது உண்மை. எச்.ஐ.வி. உள்ளவர்களிலும் அதைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். சில ஆய்வுகளில் தொடர்பு தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. சி.சி.எல்.2 ஜீனில் 2578ஆம் இடத்து மாற்றம், டி.என்.எஃப். ஆல்ஃபா ஜீனில் 308ஆம் இடத்து மாற்றம் என்று வேறு சிலவும் பேசப்பட்டன. 2012இல் அமெரிக்காவில் 1,287 பேரின் மரபணுத் தொகுதி முழுவதையும் அலசியபோது, மறதியோடு உறுதியாகப் பொருந்தும் இடம் ஒன்றுகூடச் சிக்கவில்லை. அந்தச் சோதனையின் முடிவு எப்படி வந்தாலும் இவருடைய சிகிச்சையில் ஒரு மாத்திரைகூட மாறாது.

இவர் விஷயத்தில் பெரிய அபாயம் அந்த 90தான். சி.டி.4 ஒருமுறை எவ்வளவு தாழப் போனதோ அதன் தழும்பு மூளையில் நிற்கும். பின்னால் 520க்கு ஏறினாலும் பழைய சேதம் முழுக்கச் சரியாவதில்லை. தொற்றிய சில வாரங்களுக்குள்ளேயே வெள்ளணுக்களோடு சேர்ந்து வைரஸ் மூளைக்குள் போய்விடுகிறது. அங்கே அது பிடிப்பது நரம்பணுவை அல்ல. மூளையின் காவல் அணுவான மைக்ரோகிளியாவையும், கிருமியை விழுங்கும் அணுவான, இரத்தக் குழாயை ஒட்டிய மேக்ரோஃபேஜையும்தான். அவை கக்கும் நச்சுப் பொருளிலும் வைரஸின் புரதங்களிலும்தான் பக்கத்து நரம்பணு நலிகிறது.

ஆனாலும் மறதி என்றதும் வைரஸ் மேல் பழியைப் போட்டுவிடக் கூடாது. வைட்டமின் பி12, தைராய்டு, வி.டி.ஆர்.எல். (சிஃபிலிஸ் சோதனை), மனச்சோர்வு, தூக்கம், மது, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். காய்ச்சல், தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம் இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்கவே கூடாது. காசநோய் மூளைக்காய்ச்சல், கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சைத் தொற்று, டாக்சோ என்ற ஒட்டுண்ணித் தொற்று ஆகியவற்றை அன்றைக்கே விலக்கியாக வேண்டும். நம்ம பக்கத்தில் மூளையில் நாடாப்புழுக் கட்டியும் உண்டு.

காட்பாடி_மருந்தாளுநர்:
அந்த 2000 மில்லிகிராம் மெட்ஃபார்மினைப் பார்த்ததும் பதறிவிட்டது. டி.எல்.டி.யில் உள்ள டோலுடெக்ராவிர், மெட்ஃபார்மின் சிறுநீரில் வெளியேறும் வழியை அடைக்கிறது. தினம் 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிரே இரத்தத்தில் மெட்ஃபார்மினை 79 விழுக்காடு கூட்டும். அதனால் சேர்த்துக் கொடுக்கும்போது நாளைக்கு 1000க்கு மேல் போகக் கூடாது என்பது வழக்கம். சர்க்கரை மருத்துவர் ஒரு சீட்டு, ஏ.ஆர்.டி. மையம் ஒரு சீட்டு என்று தனித்தனியாக இருப்பதால் இது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. பெரும்பாலும் சர்க்கரை மருத்துவரிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்லியிருக்கவே மாட்டார்கள். நோயாளி தானாக மெட்ஃபார்மினைக் குறைக்க வேண்டாம், சர்க்கரை ஏறிவிடும். இரண்டு சீட்டையும் ஒரே மருத்துவர் பார்க்கட்டும், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினினும் பார்க்கட்டும்.

மெட்ஃபார்மின் வருடக் கணக்கில் போனால் பி12 உறிஞ்சுவது குறையும். மறதியும் பாதம் மரப்பும் சேர்ந்து வருவதற்கு இதுவே போதும், ஜீன் வரைக்கும் போக வேண்டியதில்லை. பி12 அளவு ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் 1000 மைக்ரோகிராம் ஊசி போடுவார்கள். இரத்தம் கம்மி என்று கடையில் ஃபோலிக் ஆசிட் மட்டும் வாங்கி விழுங்கினால் சோகை மறைந்துவிடும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

ஜீன் உண்மையிலேயே மருந்தோடு மோதும் இடம் வேறு. பழைய டி.எல்.இ. மாத்திரையில் இருந்த எஃபவிரென்சைச் சிதைப்பது சி.ஒய்.பி.2பி6 என்ற நொதி. அதன் ஜீனில் 516ஆம் இடத்தில் ஜி (G) என்ற மரபெழுத்துக்குப் பதில் டி (T) இரண்டு பிரதியிலும் இருப்பவர்களுக்கு மருந்து உடம்பிலேயே தேங்கும். தலைசுற்றல், கெட்ட கனவு, மனச்சோர்வு, நினைவுக் குழப்பம் வரும். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தார் 2009இல் தென்னிந்திய நோயாளிகளிடம் அளந்து இதைக் காட்டினார்கள். இன்னும் டி.எல்.இ.யிலேயே இருப்பவர் யாராவது இப்படிச் சொன்னால் ஜீன் சோதனைக்கு அனுப்பாமல் மருந்தை மாற்றக் கேளுங்கள். காசநோய்த் தடுப்புக்கு ஐசோனியசிட் போடுபவர்களுக்கும் இதே கதைதான். என்.ஏ.டி.2 ஜீன் காரணமாக அதை மெதுவாகச் சிதைப்பவர்கள் நம்ம ஊரில் நிறைய. பி6 மாத்திரை கூடவே போகாவிட்டால் கால் எரியும், மரக்கும்.

வலிப்பு மருந்தும் கவனம். ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டால், கார்பமசெபின் மூன்றும் டோலுடெக்ராவிர் அளவை இறக்கிவிடும். லெவெடிராசெட்டம் அப்படிச் செய்யாது.

வைரஸ்_ஆய்வகம்:
"நம்ம ஊர் வைரஸ் மூளையைத் தொடாது" என்ற பேச்சுக்கு ஒரு வேர் உண்டு. இந்தியாவில் பரவுவது பெரும்பாலும் சி துணைவகை. வைரஸின் டாட் என்ற புரதத்தில் 30, 31ஆம் இடங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் அடுத்தடுத்து இருந்தால் அது மோனோசைட் என்ற வெள்ளணுக்களைத் தன் பக்கம் இழுக்கும். இந்திய சி வகையில் பெரும்பாலும் 31ஆம் இடத்தில் செரின் என்ற வேறு அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. அதனால் இழுக்கும் திறன் குறைகிறது. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையத்தின் உதயகுமார் ரங்கா குழு 2004இல் இதை வெளியிட்டது. இங்கே கடுமையான எச்.ஐ.வி. டிமென்ஷியா (மறதிநோய்) குறைவாகத் தெரிந்ததற்கு அது ஒரு விளக்கமாகச் சொல்லப்பட்டது. பின்னால் சென்னையிலும் பெங்களூரிலும் முறையான நினைவாற்றல் சோதனை வைத்தபோது, லேசான, நடுத்தரக் குறைபாடு இங்கும் கணிசமாகவே தெரிந்தது. வைரஸ் கொஞ்சம் சாதுவாக இருக்கலாம், அதை நம்பிச் சோதிக்காமல் விடுவதுதான் தப்பு.

மரபணுச் சோதனை தேவைப்படும் கட்டம் ஒன்று உண்டு. அது நோயாளியின் ஜீனுக்கு அல்ல, வைரஸின் ஜீனுக்கு. மற்ற காரணம் எதுவும் கிடைக்காமல் மறதி கூடிக்கொண்டே போனால், முதுகுத் தண்டு நீரும் இரத்தமும் ஒரே நாளில் எடுத்து இரண்டிலும் வைரல் லோடு பார்க்க வேண்டும். இரத்தத்தில் அடங்கிய வைரஸ் தண்டு நீரில் பெருகிக்கொண்டிருக்கலாம். ரிட்டோனவிர் சேர்த்த அட்டசனவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து எடுத்தவர்களிடம் இந்தியாவில் இது பதிவாகியிருக்கிறது. அப்போது அந்த நீரில் உள்ள வைரஸின் மருந்து எதிர்ப்பு மாற்றங்களைப் படித்து மருந்தை மாற்றுவார்கள். மாதிரியைக் குளிரில் வைத்து உடனே ஆய்வகத்தில் சேர்க்காவிட்டால் ஆர்.என்.ஏ. சிதைந்து அளவு பொய்யாகக் குறைந்து வரும்.

குடியாத்தம்_ஆலோசகர்:
ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். மறதியை மையத்திலேயே எப்படி அளப்பது? தன் பிள்ளைகளுக்கும் இது ஜீன் வழியாகப் போகுமா என்று அவர் அழுகிறார், என்ன சொல்வது?

பாலாறு_நரம்பியல்:
சர்வதேச எச்.ஐ.வி. டிமென்ஷியா அளவுகோல் போதும், ஐந்து நிமிட வேலை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் செய்யலாம். நாய், தொப்பி, அவரை, சிவப்பு என்று நான்கு சொல்லைச் சொல்லி அவரைத் திரும்பச் சொல்ல வையுங்கள். பிறகு பழக்கமில்லாத கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகல விரித்து 5 நொடி வேகமாகத் தட்டச் சொல்லுங்கள். 15 தட்டு வந்தால் 4 மதிப்பெண், 11 முதல் 14 வரை 3, 7 முதல் 10 வரை 2, 3 முதல் 6 வரை 1. அடுத்து மேசை மேல் முட்டி, விரித்த உள்ளங்கை, சுண்டுவிரல் பக்கமாக நிமிர்த்திய கை என்ற வரிசை. 10 நொடியில் நான்கு சுற்று முடித்தால் 4. கடைசியில் அந்த நான்கு சொல்லையும் கேளுங்கள், தானே சொன்னால் ஒவ்வொன்றுக்கும் 1, "மிருகம்", "நிறம்" என்று குறிப்பு கொடுத்த பின் சொன்னால் அரை. மொத்தம் 12, 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேல் பரிசோதனை. விரலில் பழைய காயமோ மூட்டு வலியோ இருந்தால் தட்டும் எண்ணிக்கை பொய்யாகக் குறையும். தோல் தொழிற்சாலை வேலை செய்தவர்களிடம் இதைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். வழக்கமான எம்.எம்.எஸ்.இ. என்ற நினைவாற்றல் கேள்விச் சோதனை இதற்கு உதவாது. அது வேகம் குறைவதைப் பிடிக்காது.

பிள்ளைகளைப் பற்றி உறுதியாகச் சொல்லுங்கள்: எச்.ஐ.வி. தன் ஜீனைச் சொருகுவது பெரும்பாலும் வெள்ளணுக்களுக்குள். அது பரம்பரையாக இறங்காது. தாயிடமிருந்து குழந்தைக்கு வருவது தொற்று, அதை மருந்தால் தடுக்கிறோம். பாட்டிக்கு அல்சைமர் இருந்தது தனிக் கணக்கு.

எந்தச் சோதனைக்கு அனுப்பினாலும் அவருடைய எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. நிலையைச் சீட்டில் எழுத வேண்டாம். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் அந்த உரிமையை அவருக்குக் கொடுத்திருக்கிறது. பி12, தைராய்டு பார்க்க அதை எழுத வேண்டிய தேவையும் இல்லை. அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பும்போது சர்க்கரைச் சீட்டையும் மெட்ஃபார்மின் அட்டையையும் கையோடு கொடுத்தனுப்புங்கள்.