அரசு பில் இழுக்கும்போது எந்தக் கடன் தாங்கும்? புதுவை, கடலூர் சப்ளையர்கள் பகிர்வு

தட்டாஞ்சாவடி பர்னிச்சர்:
புதுவையில் துறைகளுக்கு மேசை, பீரோ, அச்சு வேலை கொடுப்பவர்கள் முத்ரா என்ற சிறுதொழில் கடனை டேர்ம் லோனாக எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். இஎம்ஐ மாதாமாதம் வரும், பில் வராது. கேட்க வேண்டியது கேஷ் கிரெடிட், அதாவது ஒரு லிமிட்டுக்குள் எடுத்து, பணம் வந்ததும் திரும்பப் போடும் கணக்கு. 5 கோடி வரையான லிமிட்டுக்கு டர்ன்ஓவர் முறைதான்: எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் வங்கி தரும், 5 சதவீதம் நம் கை. 60 லட்சம் விற்பனைக்கு 12 லட்சம் லிமிட், 3 லட்சம் நம் பணம். போட்ட பணம் மூன்று மாதத்தில் திரும்பிவிடும் என்ற கணக்கு இது. அரசு பில்லுக்கு அது எங்கே பொருந்தும்? பழைய பில், பணம் வந்த தேதி இரண்டையும் பட்டியலிட்டுக் கொடுங்கள். பணம் திரும்பும் சுழற்சி நீளம் என்று காட்டினால் கூடுதல் லிமிட் தர விதியில் இடம் உண்டு. மேலாளர் தானாகச் சொல்லமாட்டார்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்:
லிமிட்டைவிட டிராயிங் பவர் முக்கியம், அதாவது கையிருப்புச் சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் வைத்து உண்மையில் எடுக்கக்கூடிய தொகை. 90 நாள் தாண்டிய பாக்கியைப் பெரும்பாலான வங்கிகள் கணக்கில் எடுக்காது. வரவேண்டியது 10 லட்சம், அதில் 6 லட்சம் பழசு என்றால் மீதி 4 லட்சம்தான். நம் பங்காக வங்கி கழிக்கும் மார்ஜின் 40 சதவீதம் போனால் கையில் 2.4 லட்சம். பில் தாமதமாகும்போது லிமிட்டும் சுருங்குகிறது, அங்கேதான் பலர் விழுகிறார்கள். சரக்கு, பாக்கி விவரத்தை வங்கிக்குக் காட்டும் ஸ்டாக் ஸ்டேட்மென்டைத் தள்ளிப்போடாதீர்கள். வட்டி 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன். துறை இன்னும் தரவில்லை என்ற பதில் அங்கே செல்லாது.

முத்தியால்பேட்டை ஆடிட்டர்:
ஜிஎஸ்டியும் காத்திருக்காது. இன்வாய்ஸ் போட்ட மாதத்துக்கே வரி. ஒப்பந்தம் 2.5 லட்சத்தைத் தாண்டினால் துறை பில்லிலிருந்தே 2 சதவீதம் ஜிஎஸ்டி டிடிஎஸ் பிடிக்கும். போர்ட்டலில் அதை ஏற்றுத் தாக்கல் செய்தால்தான் நம் கேஷ் லெட்ஜருக்கு (ஜிஎஸ்டி போர்ட்டலில் உள்ள நம் பணக் கணக்கு) வரும். அங்கேயே தூங்கும் பணம் நிறைய.

45 நாளில் பணம் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. ஆனால் உத்யம் என்ற சிறுதொழில் பதிவில் வெறும் வியாபாரி என்றிருந்தால் இது கிடைக்காது, முன்னுரிமைக் கடன் மட்டும்தான். பொருளைச் செய்துதருபவர் உற்பத்தி என்றே பதிய வேண்டும், அதுவும் ஆர்டருக்கு முன்பே. பதிவு இலவசம், ஏஜென்டுக்குக் காசு தராதீர்கள். கட்டட வேலை ஒப்பந்தங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் உண்டு.

கடலூர் ஃபேப்ரிகேஷன்:
நெய்வேலி என்எல்சி போன்ற மத்தியப் பொதுத்துறைக்குச் சப்ளை என்றால் டிரெட்ஸ் பாருங்கள், இன்வாய்ஸை வைத்து முன்கூட்டியே பணம் வாங்கும் ஆன்லைன் தளம் அது. இன்வாய்ஸை ஏற்றி, வாங்கியவர் ஒப்புக்கொண்டால் வங்கிகள் ஏலம் கேட்கும். வட்டி வாங்கியவரின் கடன் தரத்துக்கு ஏற்ப, நமக்கு அடமானம் கிடையாது. வாங்கியவர் பிறகு கட்டாவிட்டாலும் வங்கி நம்மைத் துரத்தாது. இழுபறியெல்லாம் அந்த ஒப்புதலில்தான். சரக்கு ஏற்புச் சான்றில் அளவு ஒன்று மாறினாலும் நின்றுவிடும்.

லாஸ்பேட்டை ஸ்டேஷனரி:
எங்களைப் போன்ற வியாபாரிக்கு அப்போ என்ன வழி?

தட்டாஞ்சாவடி பர்னிச்சர்:
விலைப்புள்ளியிலேயே வட்டியை ஏற்றுங்கள் சார். 11 சதவீத ஆண்டு வட்டியில் ஆறு மாதத்துக்கு 5.5 சதவீதம். பக்கத்துக் கடைக்காரர் அதை ஏற்றாமல் எல்1 (குறைந்த விலை கேட்டவர்) ஆகிவிட்டால், ஆர்டர் அவருக்கே போகட்டும்.