வின் தேடலில் "ரீகால் இல்லை" என்று வந்தால் போதுமா? சக்கர நாற்காலி வேன்களின் பின் சஸ்பென்ஷன்: அனுபவப் பகிர்வு

ஸ்பேனர்செட்:
அமெரிக்காவில் ரேம்ப் வைத்த மினிவேன் வைத்திருப்பவர்களிடம் ரீகால் (கோளாறுள்ள வண்டியைக் கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்வது) பற்றிக் கேட்டால் பெரும்பாலும், "வின் நம்பர் போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லை" என்பார்கள். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் 17 எழுத்து-எண் கொண்ட வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்) தட்டித் தேடுகிறோம் அல்லவா? வண்டி வாரியாக அந்தத் தகவலைத் தந்தே ஆக வேண்டும் என்ற விதி, ஆண்டுக்கு 25,000 இலகு வாகனங்களோ அதற்கு மேலோ தயாரிக்கும் நிறுவனங்களுக்கு மட்டும்தான். கிறைஸ்லர், டொயோட்டா, ஹோண்டா எல்லாம் அதில் அடங்கும். அவர்களுடைய வேனை வாங்கி, தரையை அறுத்துத் தாழ்த்தி, ரேம்ப் பொருத்தி விற்கும் கன்வர்ஷன் கம்பெனி அந்த வரம்புக்குக் கீழே இருந்தால் அதற்குக் கட்டாயம் இல்லை. அதனால் சேஸிஸ் கம்பெனியின் (வேனை முதலில் தயாரித்த கார் கம்பெனி) ரீகால் திரையில் வரும், கன்வர்ஷன்காரரின் ரீகால் வராமலே போகலாம். பின் சஸ்பென்ஷனில் கைவைத்தது பல வண்டிகளில் இந்த இரண்டாவது ஆள்தான்.

செய்ய வேண்டியது: ஓட்டுநர் கதவைத் திறந்து தூணைப் பாருங்கள். சேஸிஸ் கம்பெனியின் ஸ்டிக்கர் தவிர, "இந்த வாகனம் இன்னாரால் இந்த மாதம், இந்த ஆண்டு மாற்றியமைக்கப்பட்டது" என்று இன்னொரு ஸ்டிக்கர் இருக்கும். முதல் விற்பனைக்கு முன்பே மாற்றிய வண்டி என்றால் அது சட்டப்படி இருந்தாக வேண்டும். அந்தப் பெயரையும் மாதத்தையும், கன்வர்ஷனுக்குத் தனி சீரியல் நம்பர் இருந்தால் அதையும் குறித்துக்கொண்டு, அந்தக் கம்பெனிக்கே போன் போட்டு, "என் வண்டிக்குத் திறந்த ரீகால் இருக்கா?" என்று கேளுங்கள். ரீகால் பட்டியலில் தேடும்போதும் வேன் பெயரோடு நிறுத்தாமல் கன்வர்ஷன் கம்பெனியின் பெயரைப் போட்டும் தேடுங்கள்.

பழையவண்டி_வாங்குவோர்:
செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முகவரி மாறியிருந்தால் கடிதம் பழைய வீட்டுக்குத்தான் போகும். கன்வர்ஷன் கம்பெனியில் உங்கள் பெயரில் உரிமையாளர் பதிவு செய்துவிடுங்கள், செலவில்லை. கோளாறு இருப்பதாகக் கம்பெனி முடிவு செய்ததும் 5 வேலை நாட்களுக்குள் என்.எச்.டி.எஸ்.ஏ.வுக்குச் சொல்ல வேண்டும், அதிலிருந்து 60 நாட்களுக்குள் உரிமையாளருக்குக் கடிதம் போக வேண்டும். உதிரி பாகம் தயாராகாவிட்டாலும் கடிதம் போகும். அதனால்தான் சிலருக்கு "பாகம் வந்ததும் மறுபடி எழுதுகிறோம்" என்று இரண்டு கடிதம் வருகிறது. முதல் கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டாம்.

ரேம்ப்_பக்கம்:
பின் சஸ்பென்ஷனில் ஏன் கைவைக்கிறார்கள் என்று சிலர் கேட்பதால் சொல்கிறேன். பக்கவாட்டு ரேம்ப் வண்டியில் தாழ்த்திய தரை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் இருக்கும். பின்பக்கம் சேர்ப்பது முக்கியமாக நீலிங் அமைப்புதான்: மோட்டாரும் சங்கிலியுமாக (சிலதில் கேபிள்) பின் சஸ்பென்ஷனை இழுத்து, ரேம்ப் பக்கம் வண்டியைத் தாழ்த்தும். பின்கதவு வழியாக ஏறும் வண்டி வேறு கதை. நாற்காலி வரும் பள்ளமான பாதை பின் சக்கரங்களுக்கு நடுவிலேயே போக வேண்டும். டாட்ஜ் கிராண்ட் காரவானின் 2008ல் வந்த தலைமுறையிலும், 2011 முதல் 2020 வரையிலான டொயோட்டா சியென்னாவிலும் அந்த இடத்தில்தான் குறுக்கே ட்விஸ்ட் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு வளைத்துச் செய்த பீமோ, தனித்தனி ட்ரெய்லிங் ஆர்மோ (ஒவ்வொரு சக்கரத்தையும் தாங்கும் கை) போடுகிறார்கள். கார் கம்பெனி லட்சக்கணக்கில் அச்சடித்த பாகம் போய், சிறு எண்ணிக்கையில் வெல்ட் செய்த பாகம் உட்காருகிறது. அது தப்பு என்று சொல்லவில்லை. விரிசல் தேட வேண்டிய இடம் எது என்று இதிலிருந்தே தெரிந்துவிடும்: ஆர்மும் பிராக்கெட்டும் சேரும் வெல்ட், ஸ்பிரிங் உட்காரும் தட்டு, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட் பிடிக்கும் காது.

எடையும் சேர்த்துப் பாருங்கள். பவர் சேர் (மோட்டார் சக்கர நாற்காலி) மட்டுமே 150 முதல் 200 கிலோ போகும். உட்காருபவரோடு சேர்ந்து அந்த எடை அசையாமல் ஒரே இடத்தில் கட்டப்பட்டிருக்கும். பின்பக்க ஏற்றத்தில் அது பின் அச்சுக்குப் பக்கத்திலேயே வரும். கதவுத் தூணில் எழுதியிருக்கும் மொத்த எடை வரம்பில் வண்டியின் சொந்த எடையையும் இதையும் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போடுங்கள். மிச்சம் பலரையும் திடுக்கிட வைக்கும்.

ஒஹையோகுளிர்:
உப்பு தூவும் மாநிலங்களில் இருப்பவர்கள் துருவை மறக்க வேண்டாம். கன்வர்ஷனே இல்லாத வேனுக்கும் இது நடந்திருக்கிறது: 2010ல் ஃபோர்டு, 1998 முதல் 2003 வரையிலான விண்ட்ஸ்டார் வேன்களை, பின் ஆக்சில் துருப்பிடித்து முறியக்கூடும் என்று திரும்ப அழைத்தது. அமெரிக்காவும் கனடாவும் சேர்த்து ஐந்தரை லட்சத்துக்கும் மேல். சாலை உப்பு அதிகமாகப் புழங்கும் பகுதிகளில் ஓடியவைதான் அந்தப் பட்டியலில் வந்தன. வெல்ட் போட்ட இடத்தில் பெயிண்ட் வெந்து போயிருந்தால் துரு அங்கிருந்துதான் கிளம்பும். பெயிண்டுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய பழுப்புக் கோடு கசிந்து, துடைத்தாலும் சில நாளில் அதே கோட்டில் திரும்ப வந்தால் அது மேல்துரு இல்லை, விரிசல் என்றே வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

ஸ்பேனர்செட்:
அடியில் போகாமல் வீட்டிலேயே பார்க்கக்கூடியது இது. சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிசெய்து, நீலிங்கை முழுக்க மேலே எடுத்த பிறகு, பின்சக்கர மையத்திலிருந்து மேலே வளைவு விளிம்பு வரை டேப்பில் அளக்கவும். இடம், வலம் இரண்டும். 15 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் ஸ்பிரிங், தட்டு, நீலிங் சங்கிலி மூன்றில் ஒன்று சரியில்லாமல் இருக்கலாம். நேர் சாலையில் ஸ்டியரிங் கோணலாக நின்றால், அல்லது பின் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால், பின் அச்சு நகர்ந்திருக்கலாம். ஸ்பீடு பிரேக்கரில் "டக்" என்று ஒரே ஒரு சத்தம் வந்தால் புஷ் (இணைப்பில் உள்ள ரப்பர்) அல்லது ஷாக்காக இருக்கலாம். பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் வந்தால் ஆர்ம் பிராக்கெட்டாக இருக்கலாம். இரண்டாவது வகை வந்தால் வண்டியை நிறுத்திவிடுவது நல்லது.

ஜாக்கி மட்டும் வைத்துவிட்டு யாரும் அடியில் போகாதீர்கள். தாழ்த்திய தரைத் தகட்டில் ஜாக்கி வைத்தால் தகடு அமுங்கும். தொழிற்சாலை ஜாக்கி முனைகள் சில கன்வர்ஷனில் இருப்பதே இல்லை. தூக்க வேண்டிய இடம் கன்வர்ஷன் கையேட்டில்தான் இருக்கும்.

ரேம்ப்_பக்கம்:
ரீகால் வேலை முடிந்து வண்டி கைக்கு வரும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை வண்டி தன் எடையில் நிற்கும்போது இறுக்கினார்களா? லிஃப்டில் தொங்கும்போதே இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். இரண்டு, நீலிங் சங்கிலியை மறுபடி அளந்து வைத்தார்களா? நிமிர்ந்த நிலையில் சங்கிலி கொஞ்சம் தொய்வாக இருக்க வேண்டும். இழுத்துக்கொண்டிருந்தால் பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க முடியாமல் பிராக்கெட்டில் வெட்டும். அதிகம் தொய்ந்தால் அடிக்கும், ரேம்பும் சாய்வு குறையாமல் நிற்கும். நான்கு சக்கர அலைன்மென்ட் தாளையும் கையில் வாங்குங்கள், பின் டோ (பின் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) எண்ணோடு. சாதாரண கார் டீலர் பெரும்பாலும் இந்த வேலையை ஏற்க மாட்டார். என்.எம்.இ.டி.ஏ. (இத்தகைய வண்டி டீலர்களின் சங்கம்) உறுப்பினரான மொபிலிட்டி டீலரைப் பாருங்கள்.

பழையவண்டி_வாங்குவோர்:
செலவு விஷயம். கடிதம் வருவதற்கு முன்பே உங்கள் பணத்தில் அதே கோளாறைச் சரிசெய்திருந்தால் திரும்பக் கேட்கலாம். பில்லில் பாகத்தின் பெயரும் கோளாறும் தெளிவாக இருக்க வேண்டும், "சஸ்பென்ஷன் ரிப்பேர்" என்று மொத்தமாக எழுதினால் இழுப்பார்கள். இலவசப் பழுது, முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுக்குள் உள்ள வண்டிக்குத்தான் கட்டாயம். முன்பு அது 10 ஆக இருந்தது, 2015 சட்டத்தில் மாறியது. மாற்று வண்டி தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதிலும் ரேம்ப் உள்ள மாற்று வண்டி அபூர்வம். ஆனாலும் கேளுங்கள், கேட்டவருக்குச் சில டீலர் தருகிறார்.

ஒஹையோகுளிர்:
"ஓட்ட வேண்டாம்" என்று எழுதியிருந்தால் இழுவை வண்டியில் பிளாட்பெட் மட்டும் கேளுங்கள், முன்சக்கரத்தைத் தூக்கி இழுத்தால் தாழ்ந்த தரை சாலையில் உரசும். நாற்காலிக்காரர் அந்த வண்டிக்குள் உட்கார்ந்து போக முடியாது, அதற்குத் தனியாக ஏற்பாடு வேண்டும். ஊர்ப் பேருந்து நிறுவனத்தின் பாராட்ரான்சிட்டுக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான முன்பதிவு வண்டிச் சேவை) இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். முழு விண்ணப்பம் போய் 21 நாளில் முடிவு வராவிட்டால், வரும்வரை தகுதி உண்டு என்று எடுத்துக்கொண்டு சேவை தர வேண்டும். பேருந்துத் தடத்திலிருந்து முக்கால் மைலுக்குள் மட்டுமே அது கட்டாயம், புறநகரில் இருப்பவர்கள் முதலில் வரைபடத்தைப் பாருங்கள்.

ஸ்பேனர்செட்:
இன்னொன்று, என்.எச்.டி.எஸ்.ஏ.வில் புகார் எழுதும்போது படிவம் கேட்பது வேனின் மேக், மாடல்தான். விவரப் பகுதியின் முதல் வரியிலேயே கன்வர்ஷன் கம்பெனி, மாற்றிய மாதம், பக்கவாட்டா பின்பக்கமா, நாற்காலியின் எடை, எத்தனை மைல் ஓடியது ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்கள் புகார் சேஸிஸ் கம்பெனியின் கணக்கில் கிடக்கும்.