காரைக்குடியில் மின்சாரக் கார் வாங்கலாமா?

கோட்டையூர்வாசி: பழைய டீசல் காரைத் தள்ளிவிட்டு மின்சாரக் கார் எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஓட்டம் பெரும்பாலும் மதுரை, திருச்சி. இரண்டும் நூறு கிலோமீட்டருக்குள். வீட்டில் ஒருவருக்கும் சம்மதமில்லை. இங்கே என்ன சொல்கிறீர்கள்?

டீசல்பிரியன்: வீட்டில் விவரமானவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் ஒரு கல்யாணம் என்றால் 400 கிலோமீட்டருக்கு மேல். ஒரு சார்ஜுக்கு 312 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்த கார், ஏசி போட்டு நான்கு வழிச்சாலையில் விரட்டினால் 200 கொடுப்பதே பெரிது. முகூர்த்தம் சார்ஜருக்காகக் காத்திருக்காது.

செக்ரிசாலை: எப்போதோ வரும் கல்யாணத்துக்காகத் தினமும் பணத்தை எரிப்பதா? சென்னைக்குப் பல்லவன் ரயில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள் அண்ணே. இரண்டு மாதத்துக்கு 2,000 கிலோமீட்டர், யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்றால் சுமார் 300 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் 3,000. லிட்டருக்குப் பதினைந்து ஓடும் பெட்ரோல் கார் 13,000-ஐத் தாண்டும்.

டீசல்பிரியன்: வாங்கும்போதே கூடுதலாக அழுத லட்சங்களை யார் கணக்கில் எழுதுவது? 1953 முதல் செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் இது; பேட்டரி ஆராய்ச்சிக்கே பேர் போனது. ஆனால் பேட்டரி மக்கர் செய்தால் பிரித்துப் பார்க்க இங்கே ஒரு பட்டறை உண்டா தம்பி?

செக்ரிசாலை: 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் பல கார்களுக்கு உண்டு. நிபந்தனையைப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள், அவ்வளவுதான்.

மூன்றாங்கட்டு: இருவரும் சாலையிலேயே நிற்கிறீர்கள். சிக்கல் வீட்டுக்குள். எங்கள் பழைய செட்டிநாட்டு வீடு தெருவுக்குத் தெரு நீளுவது. மீட்டர் முகப்பில், கார் நிற்பது பின்வாசலில். நடுவில் முற்றமுள்ள வளவும், அதன் பின்னே இரண்டாங்கட்டும். மரச்சட்டத்தில் அடித்த பழைய ஒயர் சார்ஜர் இரவு முழுக்க இழுக்கும் மூன்று கிலோவாட்டைத் தாங்காது. மீட்டரிலிருந்து புது ஒயர், தனி எர்த் வேண்டும். அதைவிடப் பெரிய வேலை: இணைப்பு இன்னும் ஐயா (தாத்தா) பெயரில். மின்பளு கூட்ட முதலில் பெயர் மாற்ற வேண்டும். கையெழுத்துப் போட வேண்டிய பங்காளிகளில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் எங்களோடு பேசுவதே இல்லை. பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வீதமும் மாறும். அதை யார் கட்டுவது என்று ஒரு பஞ்சாயத்து!

டீசல்பிரியன்: கேட்டீர்களா? பங்க்கில் எவனும் பட்டா கேட்பதில்லை.

செக்ரிசாலை: பங்காளிச் சண்டையைக் காரின் தலையில் கட்டாதீர்கள். கேட்டவருக்கு அந்தத் தொல்லை உண்டா என்று முதலில் தெரியட்டும்.

கோட்டையூர்வாசி: இல்லை. தனி வீடு, மீட்டர் என் பெயரில். நாளை எலக்ட்ரீஷியன் வருகிறார். எர்த்தைப் பார்த்த பிறகுதான் ஷோரூம்.

டீசல்பிரியன்: அந்த டீசல் காரை என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள்?