புதுப்பிப்பு: முதியோர் ஓய்வூதியம் நின்றால், கோப்பு யார் மேசையில் என்று கேளுங்கள்

மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியம் திடீரென நின்றுபோனால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தோம். "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒற்றை வரிதான் பலருக்கும் பதிலாக வந்திருக்கிறது. கையெழுத்து இருக்கும், பொறுப்பேற்க ஆள் இருக்காது.

அடுத்த படி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1). வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவை, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் சான்று நகலை இணைத்தால் கட்டணமே இல்லை.

கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால் விளக்கம் தர இயலாது என்று தட்டிக்கழிப்பார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: "நிறுத்தம் செய்த ஆணையின் நகல். அதற்கு அடிப்படையான கள விசாரணை அறிக்கையின் நகல். எனது மனு எண் இன்னது; அது எந்தெந்த அலுவலரிடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது, அவர்களின் பெயர், பதவி." இந்தக் கடைசிக் கேள்வி போனாலே கோப்பு நகர ஆரம்பிப்பதுண்டு.

30 நாளில் பதில் இல்லையென்றால், அடுத்த 30 நாளுக்குள், அந்தத் தகவல் அலுவலருக்கு மேல்நிலையில் உள்ள அதிகாரியிடம் பிரிவு 19(1)-இல் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே பிரிவு 20-இன்படி நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை தண்டம் கேளுங்கள். அது அலுவலகத்துக்கு அல்ல, அந்தத் தகவல் அலுவலருக்கே விதிக்கப்படுவது. ஒப்புகை அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். நாள் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.