பழைய படகில் புதிய திரை: பன்மானியா, காட்டியா, அளவுத்திரையா?

மடல் 1: கைந்நூல் மொழிபெயர்ப்பு, கொக்குவில்

அன்புடையீர், படகு இயந்திரப் பயிற்சிக் கைந்நூலின் ஆறாம் அலகு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். பழைய மோட்டர் படகில் சுக்கானுக்கு முன்னால் உள்ள ஊசி மீற்றர்களையும் வெயிலில் கறுத்துப்போன எல்.சி.டி. முகப்புகளையும் கழற்றி, எண்ணெய் அமுக்கம், சூடு, டீசல் மட்டம், சுற்று வேகம் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும் திரையைப் பூட்டுவது பற்றிய அலகு அது. பட்டறையில் எல்லோருக்கும் அது ‘டிஸ்பிளே’. நான் ‘பன்மானி’ என்று எழுதியிருக்கிறேன். பல் + மானி. மகரம் வர லகரம் னகரமாகும். மாற்றுக் கருத்து உண்டா?

மடல் 2: மின்னியல் போதனாசிரியர், குருநகர்

உண்டு. தடை அளக்கப் பல்மானி என்றொரு கருவி ஏற்கெனவே மாணவன் கையில் இருக்கிறது. ஒரே பக்கத்தில் பல்மானியும் பன்மானியும் வந்தால் எதை எதில் பிடிப்பதென்று தெரியாமல் நிற்பான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ‘மானி’யில் இருக்கிறது. பழைய ஊசிக் கருவியை மானி என்பது சரி. டீசல் தாங்கியிலுள்ள உணரியின் தடைக்கேற்ப மின்னோட்டம் மாறும், கருவிக்குள் இருக்கும் சுருள் ஊசியை அசைக்கும். புதிய திரை எதையும் அளப்பதில்லை. உணரி அளக்கிறது, இடையிலுள்ள மாற்றிப்பெட்டி அதை எண்ணாக்கி வடத்தில் அனுப்புகிறது, திரை அதை எழுதிக் காட்டுகிறது. திரையை மானி என்று படித்தவன், கணக்குத் தவறினால் திரையைத்தான் கழற்றுவான்.

மடல் 3: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நெல்லியடி

மானி நமக்கு அந்நியமான சொல் என்று யாரும் எண்ண வேண்டாம். இருபதில் ஒரு பங்கை மா என்றும் எண்பதில் ஒரு பங்கைக் காணி என்றும் வகுத்த மரபு நம்முடையது. அந்த மா அடியாகவே மானம், மானி என விரிந்தது என்பது என் துணிபு. கருவிக்குக் ‘காட்டி’ என்றும் வைக்கலாம். காட்டு என்ற வினையோடு இகர விகுதி சேர்ந்தது. உணர், உணரி ஆனதுபோல.

மடல் 4: படகு மின்வேலை, காரைநகர்

மாஸ்ரர், மா பற்றிய ஆராய்ச்சி நல்லது. ஆனால் படகில் காட்டி என்றால் திசைகாட்டிதான் நினைவுக்கு வரும். அதுவும் திரைக்குப் பக்கத்திலேயே இருக்கும். திரைக்குள் காந்தம் இருந்தாலோ வயர் நெருங்கி ஓடினாலோ ஊசி விலகும். திரையின் கைந்நூலில் சொல்லும் இடைவெளி விட்டுத்தான் துளை போட வேண்டும். ‘காட்டிக்கு அருகே காட்டியைப் பொருத்தாதே’ என்று எழுத முடியாது. பள்ளி இரசாயனத்திலும் காட்டி வேறொன்று.

எந்தப் பெயர் வைத்தாலும் அலகில் இவை இருக்கட்டும். அமெரிக்க வகைத் தாங்கி உணரி வெறுமையில் ஏறத்தாழ 240 ஓம், நிறைவில் 33. ஐரோப்பிய வகை வெறுமையில் 10, நிறைவில் 180. சாவியை நிறுத்தி, உணரியின் வயரைக் கழற்றி, தனியே அளந்த பிறகே மாற்றிப்பெட்டியில் வகையைத் தெரிவுசெய்ய வேண்டும். அமெரிக்க உணரிக்கு ஐரோப்பிய வகையைக் கொடுத்தால் வெறுந்தாங்கியின் 240 ஓமைத் திரை ‘நிறைவு’ என்று காட்டும். அதை நம்பிக் குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் புறப்பட்டால் நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிடும்.

பழைய மீற்றரையும் மாற்றிப்பெட்டியையும் ஒரே உணரியில் தொடுக்கக் கூடாது. மீற்றர் தன் மின்னை உணரிக்குள் செலுத்துவதால் பெட்டி காணும் தடை பொய்யாகும். திரைக்குத் தனி பியூஸ் வேண்டும். ஸ்ராட்டர் பற்றறியில் இருந்து எடுக்காமல் இரண்டாம் பற்றறியில் இருந்து எடுப்பது நல்லது. இயந்திரம் முடுக்கும்போது வோல்ற்றளவு விழுந்து திரை அணைந்து எரிவதற்கு ஸ்ராட்டர் பற்றறியில் இருந்து எடுப்பதே காரணம். ஈயம் பூசிய செம்பு வயரும் உள்ளே பசையுள்ள சுருங்குகுழாயும் பயன்படுத்தாவிட்டால் உப்புக்காற்று வயருக்குள் ஏறிப் பச்சை பிடிக்கும்.

மடல் 5: கைந்நூல் மொழிபெயர்ப்பு, கொக்குவில்

அப்படியானால் ‘அளவுத்திரை’? கருவிகளை இணைக்கும் பிரதான வடத்துக்கு ‘முதுகெலும்பு’ என்றொரு நேர்ப்பெயர்ப்பு வந்திருக்கிறது. அதை ‘தலைவடம்’ என்றும், அதிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் பிரிவதை ‘கிளைவடம்’ என்றும் மாற்றுகிறேன். தலைவடத்தின் இரு நுனியிலும் பூட்டும் 120 ஓம் தடையிக்கு ‘ஈற்றுத்தடையி’.

மடல் 6: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நெல்லியடி

திரை என்றால் அலை. ‘திரைகடல் ஓடியும்’ என்று சிறுவயதில் பாடமாக்கிய பிள்ளைகள், கடலில் ஓடும் படகுக்குள் திரை என்ற சொல்லைக் கண்டால் எப்படி விளங்கிக்கொள்வார்கள்? ‘தெரிவி’ என்றாவது வையுங்கள்.

மடல் 7: மின்னியல் போதனாசிரியர், குருநகர்

இன்று கடலுக்குப் போகும் எவரும் அலையைத் திரை என்பதில்லை. தெரிவி ஏவல் வினையாய் நிற்கிறது. தெரிவு என்றால் இங்கே தேர்ந்தெடுப்பது என்றே பொருள். அளவுத்திரைக்கு என் ஆதரவு.

வடத்தைச் சோதிக்கும் படியையும் சேருங்கள். மின்னை நிறுத்தி இரு தரவு வயர்களுக்கிடையே அளந்தால் 60 ஓம் வரவேண்டும். 120 வந்தால் ஓர் ஈற்றுத்தடையி இல்லை. 40 வந்தால் ஒன்று கூடிவிட்டது. கிளைவடம் எதுவும் 6 மீற்றரைத் தாண்டக் கூடாது. இவை படகுக் கருவிகள் தரவு பரிமாறும் என்மியா (NMEA) 2000 முறைக்கு உரியவை. பழைய 0183 முறைக் கருவி படகில் மிஞ்சியிருந்தால் அதற்குத் தனி மாற்றி வேண்டும்.

மடல் 8: படகு மின்வேலை, காரைநகர்

எனக்கும் அளவுத்திரை சரி. பட்டறையில் டிஸ்பிளே என்றுதான் சொல்வோம், ஆனால் நூலைப் படித்தால் விளங்கும். பழைய 52, 85 மில்லிமீற்றர் துளைகளைத் தகடு போட்டு மூடும் படம் ஒன்றும் தேவை.

மடல் 9: கைந்நூல் மொழிபெயர்ப்பு, கொக்குவில்

வேறு மறுப்பு வராததால் ‘அளவுத்திரை’ என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். அடைப்புக்குறிக்குள் முதல் முறை மட்டும் டிஸ்பிளே.

மடல் 10: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நெல்லியடி

என் மறுப்பு அப்படியே இருக்கிறது, பதிவு செய்யுங்கள். மின் முழுவதும் போனாலும் வேலை செய்யும் எண்ணெய்க் குழாய் வகை அமுக்கமானி ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் விட்டுவைக்கும்படி அலகில் எழுதியிருக்கிறீர்கள். அதையாவது மானி என்றே விடுங்கள். பக்கம் ஒன்பதில் ‘அமுக்க அளவி’ என்று மாறியிருக்கிறது.