சினோ நிதி: சென்ரிமீற்றருக்கு 25 சதம்

அன்பான ஊர் உறவுகளுக்கு,

கலைமன்றத்துக்குப் பனிக்காலத்தில் காசு சேர்க்க இரண்டு யோசனை வந்திருக்கு. முதல் சினோ (வெண்பனி) எந்த நாள் கொட்டும் என்று ஊகிக்க ஆளுக்கு 10 டொலர், சரியாய்ச் சொன்னவருக்குப் பரிசு. இதை விட்டுவிடுவம். காசு வாங்கி அதிட்டத்துக்குப் பரிசு குடுத்தால் அது லொத்தர்; ஒன்ராறியோவில் உரிமம் எடுக்காமல் நடத்தேலாது. அந்தக் காசுக்கு வரிப் பற்றுச்சீட்டும் எழுதேலாது.

மற்றது, கொட்டுற ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் இவ்வளவு என்று வாக்குக் குடுக்கிறது. பரிசு இல்லை, சிக்கலும் இல்லை. டிசம்பர் 1 முதல் பெப்ரவரி கடைசி வரை, அளவு ரொறொன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தினது. அங்கே அந்த மூன்று மாதத்துக்கும் சராசரியாக 75 செ.மீ. அளவில் விழும். 25 சதம் என்றால் ஒருவருக்கு 19 டொலர் கிட்ட வரும். உச்சத்தொகை கட்டாயம் எழுதுங்கோ. 1999 ஜனவரியில் ரொறொன்ரோ மேயர் சினோ அள்ள ராணுவத்தைக் கூப்பிட்ட மாதிரி ஒரு வருசம் வந்தால், சென்ரிமீற்றருக்கு 2 டொலர் எழுதினவர் தலையில கை வைப்பார்.

கனடா சுற்றாடல் அமைச்சின் நாளாந்தத் தரவில் சினோவுக்கு இரண்டு நிரல் இருக்கும். எங்களுக்கு வேண்டியது அன்றைக்கு விழுந்த சினோ. நிலத்தில் கிடக்கிற சினோ இல்லை. திங்கள் 10 செ.மீ. கொட்டி, அமிழ்ந்து, அடுத்த நாள்களில் 8, 7 என்று கிடந்தால் நிலத்து நிரலைக் கூட்டினவருக்கு 25 வரும். விழுந்தது 10தான். ‘டீ’ என்ற எழுத்து நின்றால் அளக்க முடியாத சொற்பம், பூச்சியம். ‘எம்’ என்றால் தரவு இல்லை. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்து, அப்பவும் வராட்டி அதுவும் பூச்சியம். உறைமழை கணக்கில் இல்லை.

வாக்கு நிதிகள் கவிழுறது வசூலில். மார்ச்சில் மொத்தமாய்க் கேட்டால் பாதிப்பேர் மறந்திருப்பினம். ஆகவே மாதாமாதம் கணக்கு அனுப்புவம். முதலாவது டிசம்பர் 27 வரைக்கும். 31க்கு முன் கட்டினால் அந்த வருசத்துப் பற்றுச்சீட்டு. வாக்குக்குப் பற்றுச்சீட்டு இல்லை, கட்டின காசுக்குத்தான். ஈ-ட்ரான்ஸ்பரில் பற்றுச்சீட்டு யார் பேருக்கு என்று எழுதுங்கோ, வங்கிக் கணக்கு அநேகமாய் வீட்டில் இன்னொருவர் பேரில் கிடக்கும்.

லண்டன் ஆக்களுக்கு: கனடாப் பதிவுள்ள மன்றத்துக்குக் குடுத்தால் கிஃப்ட் எய்ட் (பிரித்தானியாவில் நன்கொடைக்குக் கிடைக்கிற வரிச் சலுகை) வராது. சிட்னிக்காரர் வெயிலில் இருந்துகொண்டே சேரலாம்.

கணக்குப் பதிய இருவர் வேணும், ஒருவர் எழுத, மற்றவர் ஒத்துப்பார்க்க. ஒருவராவது ரொறொன்ரோப் பக்கம் இல்லாதவராய் இருந்தால் நல்லது. தன் வாசலில் 20 செ.மீ. வழிச்சவருக்குப் பியர்சனில் 8தான் என்று எழுத மனம் வராது.